டயரில் ஆணி ஏறினால்: அறிகுறியைப் பார்த்து என்ன செய்வது

மட்டக்களப்பு ஆரையம்பதியில் இருந்து கல்முனைக்கு நாளாந்தம் காரில் போய்வருகிறேன். கிழமைக்கு இரண்டு தரம் வாவிக்கு மேற்கே இருக்கும் படுவான்கரைக்கும் போக வேண்டி வரும். ஏழு வருடமாக இதே ஓட்டம். நான்கு சில்லுகளிலும் மாறி மாறி ஆணி ஏறியிருக்கிறது. ஐப்பசி பிறந்து, மழைக்கு முன் கூரையைக் கழற்றி மாற்றத் தொடங்கினார்கள் என்றால் தகரத்தாணியும் கூரை ஸ்குறூவும் வீதிக்கு வந்துவிடும். பழைய மரமும் பலகையும் ஏற்றிய உழவு இயந்திரப் பெட்டி ஒரு பள்ளத்தில் விழுந்து எழும்பினாலே நாலைந்து ஆணி கொட்டுப்படும். வெள்ளம் வடிந்த பிறகு இன்னும் மோசம். கிடந்ததெல்லாம் அள்ளுப்பட்டு வந்து வீதி ஓரத்தில் சேர்ந்து கிடக்கும்.

நாங்கள் இடதுபக்கம் ஓடுபவர்கள், அதனால் அந்த ஓரத்தை மிதிப்பது இடப்பக்கச் சில்லுகள். அதிலும் பின் சில்லுக்குத்தான் கூடுதலாக ஏறும். படுத்துக் கிடக்கும் ஆணியை முன் சில்லு தட்டி நிமிர்த்திவிடும், பின்னால் வருவது அதன்மேல் ஏறும். எதைத் தேடினாலும் இடது பின் சில்லில் தொடங்குவது என் வழக்கம்.

அறிகுறி எதுவாக இருந்தாலும் இரண்டு விடயம் மாறாது. ஆணியை வீதியில் வைத்துப் பிடுங்கக் கூடாது. உயிருக்கு ஆபத்தான இடத்தைத் தவிர, காற்றில்லாத சில்லில் காரை உருட்டக் கூடாது. ஆணி போட்ட துளையை ஒட்டிவிடலாம், ஆனால் காற்றில்லாமல் ஓடி உள்ளே நைந்த டயரை ஒருவராலும் திருத்த முடியாது.

காரில் வைத்திருக்க வேண்டியவை: காற்று அளக்கும் கேஜ், காரின் மின்சாரத்தில் ஓடும் சின்னப் பம், சவர்க்காரத் தண்ணீர் நிரப்பிய ஸ்பிறே போத்தல், ஒரு வெண்கட்டி, டோர்ச், ஒரு சாண் அகலப் பலகைத் துண்டு. இதில் பலகையைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள். எங்கள் மணலில் அது இல்லாமல் காரைத் தூக்கும் ஜக் நிற்காது.

இங்கே எழுதியிருப்பது டியூப் இல்லாத டயர்களுக்கு. இப்போது ஓடும் கார்களில் அனேகமாக அதுதான்.

## ஆணி தெரிகிறது, காற்று குறையவில்லை

முதலில் காற்றை அளந்து பாருங்கள். எவ்வளவு இருக்க வேண்டும் என்பது சாரதிப் பக்கக் கதவைத் திறந்தால் நிலையில் ஒட்டியிருக்கும் தாளில் இருக்கும். சிறிய கார்களுக்குப் பொதுவாக 30 முதல் 36 பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு). அளவு சரியாக இருந்தால் ஆணியைச் சுற்றிச் சவர்க்காரத் தண்ணீரை அடித்துவிட்டு ஒரு நிமிடம் பொறுங்கள்.

நுரை வரவில்லை. ஆணி குட்டையானதாக இருக்கலாம். புது டயரின் பூவின் (தரையில் படும் வரிப்பள்ளங்களின்) ஆழமே 7, 8 மில்லிமீட்டர். அரை அங்குலத்துக்கும் குறைந்த ஒன்று பூவுக்குள்ளேயே நின்றிருக்க இடமுண்டு. அல்லது நீளமான ஆணி உள்ளே போய், தானே துளையை அடைத்துக்கொண்டும் இருக்கலாம். இரண்டில் எது என்று வெளியில் இருந்து சொல்ல முடியாது. வெண்கட்டியால் ஆணியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிட்டு, மெதுவாக ஒட்டும் கடைக்கு ஓட்டிப் போகலாம்.

பொட்டுப் பொட்டாக நுரை வருகிறது. கசிகிறது. பத்து நிமிடம் கழித்து மறுபடி அளந்து பாருங்கள். ஒன்று இரண்டு பிஎஸ்ஐ மட்டும் இறங்கியிருந்தால் காற்றைச் சரியான அளவுக்கு அடித்துக்கொண்டு நேரே கடைக்குப் போகலாம். ஐந்துக்கு மேல் இறங்கியிருந்தால் சில்லை மாற்றுங்கள்.

ஆணியின் தலையைக் கிட்டப் போய்ப் பார்த்தால் இன்னொன்றும் விளங்கும். தலை துருவோடு மங்கலாக இருந்தால் இன்றோ நேற்றோ ஏறியது. தேய்ந்து, வெள்ளிக் காசு மாதிரிப் பளபளவென்று இருந்தால் பல நாளாக உங்களோடு ஓடிக்கொண்டிருக்கிறது. அப்படிப்பட்டதில் துளை பெருத்திருக்கலாம், டயருக்குள் இருக்கும் இரும்புக் கம்பி துருப்பிடிக்கவும் தொடங்கியிருக்கலாம். கடையில் டயரைக் கழற்றி உள்பக்கம் பார்க்கச் சொல்லுங்கள்.

கொக்கட்டிச்சோலைப் பக்கம் ஒருநாள் ஆணியைப் பிடுங்கக் குறடு ஒன்றை எடுத்துக்கொண்டு குனிந்தபோது, வேலியோரம் நின்ற பெரியவர் ஒருவர் ஓடிவந்தார். "அதப் புடுங்காத மனே, அதுதான் அடைச்சிட்டு நிக்கிது. புடுங்கினா இஞ்ச கிடக்க வேண்டி வரும்" என்றார். அவர் சொன்னது சரி. அன்றைக்கு ஸ்பெயார் சில்லிலும் காற்று இருக்கவில்லை.

## ஓடும்போது டக் டக் என்று சத்தம்

வேகம் கூடக் கூடச் சத்தமும் விரைவாக அடித்தால் சில்லில்தான் ஏதோ இருக்கிறது. கிரவல் வீதியால் வந்திருந்தால் பத்துக்கு எட்டுத் தரம் பூவுக்குள் இறுகிய கல்லாக இருக்கும். அதை ஒரு ஸ்குறூ டிரைவரால் கிண்டி எடுத்துவிடலாம். காரை அரைச் சில்லு உருட்டி, தரையில் பட்டுக்கொண்டிருந்த பகுதியையும் பாருங்கள். கல்லா ஆணியா என்று தெரியாவிட்டால் கிண்ட வேண்டாம், மேலே சொன்ன சவர்க்காரச் சோதனைக்குப் போங்கள்.

ஒன்றும் இல்லை, ஆனாலும் சத்தம் என்றால் சில்லு நட்டுகளை இறுக்கிப் பாருங்கள். அதற்கும் அடங்கவில்லை என்றால் கராஜ்தான். பெயரிங், பிறேக் பக்கம் போகிற விடயம் அது.

## காலையில் பார்த்தால் சில்லில் காற்று முழுதாக இறங்கிவிட்டது

அவசரப்பட்டுக் காரைப் பின்னுக்கு எடுக்காதீர்கள். நின்ற இடத்திலேயே பம்மை மாட்டுங்கள்.

காற்று ஏறுகிறது. அளவுக்கு அடித்துவிட்டு, இஞ்சினையும் பம்மையும் நிறுத்தி, காதைக் கிட்ட வையுங்கள். சீறும் சத்தம் வால்வில் இருந்தா, பூவில் இருந்தா, றிம் ஓரத்தில் இருந்தா என்று கேட்கும். பத்து நிமிடம் நின்று பிடித்தால் கடைவரை போகலாம். இடையில் ஒரு தரம் நிறுத்தி அளந்துகொள்ளுங்கள்.

பம் ஓடுகிறது, காற்று ஏறவில்லை. காரின் பாரம் டயரை நசுக்கி, அதன் உதடு (றிம்மோடு ஒட்டி நிற்கும் ஓரம்) றிம்மை விட்டு விலகியிருக்கும். சின்னப் பம்மால் அந்த இடைவெளியை வெல்ல முடியாது. ஜக்கால் சில்லு தரையை விட்டு எழும்பும் அளவுக்குக் காரைத் தூக்கிவிட்டு மறுபடி அடித்துப் பாருங்கள். பல தரம் இப்படியே ஏறியிருக்கிறது. அதற்கும் ஏறாவிட்டால் ஸ்பெயார் சில்லைப் போடுங்கள், கழற்றியதைக் கடைக்குக் கொண்டுபோங்கள்.

## நாலைந்து நாளைக்கு ஒரு தரம் காற்று இறங்குகிறது, ஆணி எதுவும் காணவில்லை

ஆட்களை அதிகம் அலைக்கழிக்கும் அறிகுறி இதுதான். மீன்பாடும் வாவிக்கும் கடலுக்கும் நடுவில் வாழ்கிற எங்களுக்கு இதில் ஒரு காரணம் கூடுதலாகவும் உண்டு.

முதலில் உண்மையிலேயே கசிகிறதா என்று உறுதிப்படுத்துங்கள். நல்ல டயரிலும் மாதத்துக்கு ஒன்று இரண்டு பிஎஸ்ஐ தானாக இறங்கும். ஓடிவந்த சூட்டில் அளந்தால் மூன்று நான்கு கூடக் காட்டும். கச்சான் காற்று அடிக்கிற ஆடி மாதத்து மத்தியானத்தில் அளந்ததையும் மார்கழி விடியலில் அளந்ததையும் ஒப்பிட்டால் கணக்குப் பிழைக்கும். காலையில், கார் ஓட முன், நான்கு சில்லுகளையும் அளந்து எழுதி வையுங்கள். மூன்று நாள் கழித்து அதே நேரத்தில் மறுபடி அளந்து பாருங்கள். ஒன்று மட்டும் தனியாக இறங்கியிருந்தால் அதில் கசிவு உண்டு.

வால்வு. மூடியைக் கழற்றி, வாயில் ஒரு துளி சவர்க்காரத் தண்ணீர் விடுங்கள். குமிழ் ஊதினால் உள்ளே இருக்கும் ஊசி தளர்ந்திருக்கிறது, அல்லது அதில் மண் பிடித்திருக்கிறது. ஊசியை இறுக்குவதோ மாற்றுவதோ சில நிமிட வேலை. அப்புறம் வால்வின் இறப்பர்த் தண்டை மெல்ல வளைத்து, அடியில் தண்ணீர் அடியுங்கள். வெயிலில் வெடித்த தண்டு வளைக்கும்போதுதான் கசியும். அதற்கு வால்வை முழுதாக மாற்ற வேண்டும். புது டயர் போடும் ஒவ்வொரு தரமும் வால்வையும் மாற்றச் சொல்லுங்கள்.

கண்ணுக்குத் தெரியாத ஆணி. தலை உடைந்த ஆணி, கட்டுக்கம்பித் துண்டு, இலந்தை முள். பூவின் இடுக்கில் ஒரு கறுப்புப் புள்ளியாக மட்டும் நிற்கும். ஈரத் துணியால் துடைத்துவிட்டு, முழுச் சுற்றுக்கும் தண்ணீர் அடித்து, காரை அரைச் சில்லு உருட்டி மறுபாதிக்கும் அடியுங்கள். மிக நுண்ணிய கசிவு உடனே குமிழ் விடாது. இரண்டு மூன்று நிமிடத்தில் கடுகளவு வெள்ளை நுரை ஓரிடத்தில் சேரும். அதைக் கண்டால் வெண்கட்டியால் வட்டம் போடுங்கள்.

றிம் ஓரம். உப்புக்காற்றும் வெள்ளத் தண்ணீரும் சேர்ந்து றிம்மை அரிக்கும். இரும்பு றிம் துருப்பிடித்துச் செதிலாக எழும்பும். அலோய் றிம்மில் வெள்ளைத் தூள் பூக்கும். டயரின் உதடு அந்தச் செதிலின்மேல் சரியாகப் படியாது. சுற்றுவட்டம் முழுக்க நுரை பொரிவது இதற்கு அடையாளம். வெளிப்பக்கம் மட்டும் பார்த்து விட்டுவிடாதீர்கள், உள்பக்க ஓரத்தையும் பாருங்கள். கடையில் டயரைக் கழற்றி, றிம்மைக் கம்பிப் பிறசால் தேய்த்து, உதட்டுக்கு அடைப்புப் பசை பூசி மறுபடி மாட்டுவார்கள்.

றிம் வெடிப்பு. பள்ளத்தில் பலமாக விழுந்த பிறகு தொடங்கிய கசிவு என்றால் இதைச் சந்தேகியுங்கள். வளைந்த இரும்பு றிம்மைத் தட்டி நிமிர்த்தலாம். அலோய் றிம்மில் வெடிப்பு இருந்தால் மாற்றிவிடுவதுதான் நல்லது.

மூன்று தரம் தேடியும் கிடைக்கவில்லையா? சில்லைக் கழற்றிக் கொண்டுபோய்க் கடையின் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்தச் சொல்லுங்கள். அதற்கு மறைந்து நிற்கும் கசிவை நான் காணவில்லை. கிழமைக்கு ஒருக்கால் பெற்றோல் செட்டில் காற்று அடித்து அடித்துச் சமாளிப்பது வழியே இல்லை. குறைந்த காற்றில் ஓடிய நாளெல்லாம் டயரின் பக்கச்சுவர் மடிந்து மடிந்து சூடாகிறது.

## ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு பக்கம் இழுக்கிறது

முன் சில்லில் காற்று போனால் ஸ்டியரிங் அந்தப் பக்கம் இழுக்கும். பின் சில்லில் போனால் காரின் பின்பகுதி வாலாட்டுவது போல இருக்கும். பிறேக்கை அமுக்கி மிதிக்காதீர்கள். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, எக்சிலேட்டரை விட்டு, வேகம் தானாக இறங்க விடுங்கள். இரண்டு பக்க விளக்கையும் போட்டு, ஓரத்தில் சமதரையாகப் பார்த்து நிறுத்துங்கள்.

இங்கே என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். வவுணதீவில் இருந்து திரும்பிய ஒரு இரவு, பின் சில்லு இறங்கியது தெரிந்தும், வெளிச்சமான இடத்துக்குப் போய் மாற்றுவோம் என்று இரண்டு கிலோமீட்டர் உருட்டிவிட்டேன். அடுத்த நாள் காத்தான்குடியில் டயர் ஒட்டும் காக்கா டயரைக் கழற்றி, உள்ளே கையை விட்டுத் துழாவி, உள்ளங்கையை நீட்டினார். கை நிறையக் கறுப்புத் தூள். தேயிலைத் தூள் மாதிரியே இருந்தது. "இது உள்சுவர் அரைபட்ட தூள். ஆணி நடுவில, சின்ன ஓட்டை, அஞ்சு நிமிசத்தில ஒட்டியிருப்பன். இத இனி ஒட்டித் தரமாட்டன்" என்றார். ஆறு மாதமே ஓடிய டயர். பக்கச்சுவரின் உள்ளே சுற்றிவர ஒரு வளையம் நைந்து போயிருந்தது. வெளியில் இருந்து பார்த்தால் ஒரு கீறலும் இல்லை.

ஆனால் உயிருக்கு ஆபத்தான இடத்தில் டயரைப் பற்றி யோசிக்காதீர்கள். கல்லடிப் பாலத்தின் நடுவில், வளைவில், லாகுகலைப் பக்கம் இரவில் யானை நடமாடும் வீதியில் சில்லு மாற்ற இறங்கக் கூடாது. மனிதர் நடக்கும் வேகத்தில் உருட்டி, பாதுகாப்பான இடத்துக்கு வாருங்கள். டயர் போனால் போகட்டும்.

### ஸ்பெயார் சில்லு இருந்தால்

கைப் பிறேக், கியரை பார்க்கிங்கில் அல்லது முதலாவதில், எதிர்மூலைச் சில்லுக்கு இரண்டு பக்கமும் கல். ஆட்களை இறக்குங்கள். காரைத் தூக்க முன்னமே நட்டுகளை அரைச் சுற்று இளக்கிவிட வேண்டும், தூக்கிய பிறகு சில்லு சேர்ந்து சுற்றும். ஜக்குக்கு அடியில் பலகை. காரின் அடி விளிம்பில் ஜக் வைப்பதற்கென்று வெட்டு அடையாளம் இருக்கும், அந்த இடத்தைத் தவிர வேறெங்கும் வைக்காதீர்கள். காருக்கு அடியில் கையையோ தலையையோ விடாதீர்கள். கழற்றிய சில்லை அடியில் படுக்கப் போட்டு வைத்தால், ஜக் சறுக்கினாலும் கார் அதன்மேல்தான் இருக்கும்.

மாட்டும்போது நட்டுகளை எதிர் எதிராக இறுக்குங்கள். சிறிய கார்களுக்கு 85 முதல் 110 நியூட்டன் மீட்டர் வரை இறுக்கம் போதும். ஸ்பனர்மேல் ஏறிக் குதிக்கும் பழக்கம் போல்ட்டை இழுத்து உடைக்கும். 50 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி இறுக்கிப் பாருங்கள்.

மெலிந்த தற்காலிகச் சில்லு என்றால் அதற்குரிய காற்று 60 பிஎஸ்ஐ, வேகம் 80க்கு மேல் போகக் கூடாது. மாதம் ஒரு தரம் அதையும் அளந்து வையுங்கள்.

நட் அசையவில்லை, போல்ட் உடைந்துவிட்டது, தரை சரிவாக இருக்கிறது: இந்த மூன்றில் எதுவானாலும் ஆளைக் கூப்பிடுங்கள்.

### ஸ்பெயார் சில்லு இல்லை என்றால்

ஜப்பானில் இருந்து வந்த சிறிய கார்கள் பலவற்றில் பின்பெட்டியைத் திறந்தால் ஒரு பம்மும் ஒரு பசைப் போத்தலும்தான் இருக்கும். கார் வாங்கிய அன்றே போத்தலின் காலாவதித் திகதியைப் பார்க்க வேண்டும். பழைய கார்களில் பெரும்பாலும் அது எப்போதோ முடிந்திருக்கும்.

ஆணியை அப்படியே விட்டு, பசையை வால்வால் ஏற்றி, காற்று அடித்து, உடனே ஓடத் தொடங்குங்கள். சில்லு சுற்றினால்தான் பசை பரவும். பத்து நிமிடத்தில் நிறுத்தி அளந்து பாருங்கள். காற்று நின்றால் 80க்குள் ஓடிக் கடைக்குப் போகலாம். மறுபடி நன்றாக இறங்கியிருந்தால் பசையால் அடைக்க முடியாத துளை, அதற்குமேல் ஓடாதீர்கள். டயரைக் கழற்ற முன் கடைக்காரரிடம் பசை போட்டிருக்கிறது என்று சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் அவர் மேலெல்லாம் தெறிக்கும்.

## கடையில்: எதை ஒட்டலாம், எதை ஒட்டக் கூடாது

பூவின் நடுப்பகுதி, துளை 6 மில்லிமீட்டருக்குள், உள்சுவர் நையவில்லை, பூ இன்னும் தேயவில்லை. இவை நான்கும் சரியென்றால் ஒட்டலாம்.

வெளியில் இருந்து பசைத் திரியைக் குத்தி அடைப்பது பத்து நிமிட வேலை. அவசரத்துக்கு அது உதவும், நானும் அதில் ஓடியிருக்கிறேன். ஆனால் டயரைக் கழற்றாமல் உள்ளே என்ன நடந்திருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது. நீண்ட ஓட்டத்துக்கு, உள்ளே இருந்து காளான் வடிவில் தண்டோடு வரும் ஒட்டைப் போடச் சொல்லுங்கள். தண்டு துளையை நிரப்பும், குடை உள்பக்கத்தை மூடும். உள்பக்கத்தை உரஞ்சி, பசை பூசி, அது காயும்வரை பொறுத்து, பிறகு உருளையால் அழுத்த வேண்டும். பசை காய முன் ஒட்டினால் கிழமையில் கழன்றுவிடும், ஆகவே அவசரப்படுத்தாமல் பக்கத்தில் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வாருங்கள்.

ஆணி பூவின் ஓரத்தில் அல்லது பக்கச்சுவரில். ஒட்டக் கூடாது. ஓடும்போது மடிந்து விரிகிற இடம் அது, எந்த ஒட்டும் அங்கே நிலைக்காது. ஒருமுறை ஒரு கடையில் தோள்பட்டைப் பகுதியில் திரி குத்தித் தந்தார்கள். நானும் சரி என்று வாங்கிக்கொண்டேன். நிந்தவூர் தாண்டும்போது திரி வெளியே வந்துவிட்டது. வண்டியில் அன்றைக்கு அம்மாவும் இருந்தார். அதற்குப் பிறகு ஓரத்து ஆணிக்கு டயரை மாற்றாமல் நான் வந்ததில்லை.

பக்கச்சுவரில் கொப்புளம், வெளியே தெரியும் நூல் அல்லது கம்பி, ஒட்டுக்கு மிகக் கிட்ட இன்னொரு துளை. டயரை மாற்றுங்கள்.

பாவித்த டயர் வாங்கப் போனால் பக்கச்சுவரில் இருக்கும் நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது கிழமையில் செய்தது. உள்பக்கத்தையும் தடவிப் பாருங்கள். தூள் ஒட்டினால் வேண்டாம்.

## ஒட்டிய பிறகும் காற்று இறங்குகிறது

ஒட்டை மட்டும் குறை சொல்ல வேண்டாம். அதே டயரில் இரண்டாவது ஆணி இருப்பது நான் எதிர்பார்த்ததை விட அடிக்கடி நடந்திருக்கிறது. ஒரே உழவு இயந்திரப் பெட்டியில் இருந்து கொட்டியவை பக்கத்தில் பக்கத்தில்தான் கிடக்கும். சவர்க்காரச் சோதனையை மறுபடி முழுச் சுற்றுக்கும் செய்யுங்கள். அடுத்தது வால்வு ஊசி, கடையில் கழற்றி மாட்டும்போது மண் போயிருக்கும். அப்புறம் றிம் உதடு. இவை எல்லாம் சரி என்றால் ஒட்டிய இடம். அதே கடைக்குத் திரும்பிப் போய்க் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

## ஒட்டிய பிறகு ஸ்டியரிங் நடுங்குகிறது

நட் இறுக்கத்தை முதலில் பாருங்கள். பிறகு றிம்மின் உள்பக்கம்: வெள்ளத் தண்ணீரால் ஓடியிருந்தால் சேறு ஒரு பக்கமாகக் காய்ந்து ஒட்டியிருக்கும். கழுவினால் நடுக்கம் போய்விடும். போகாவிட்டால் டயரைக் கழற்றும்போது றிம்மில் சமநிலைக்கு வைத்த ஈயத்துண்டு விழுந்திருக்கும், வீல் பலன்ஸ் செய்ய வேண்டும். பலன்ஸ் செய்தும் நடுக்கம் இருந்தால் டயருக்குள் கம்பிப் பட்டை விலகியிருக்கலாம். பூவைக் கையால் தடவினால் ஓரிடம் மேடாகத் தெரியும். அந்த டயரோடு கொழும்புக்கு வெளிக்கிட வேண்டாம்.

## காற்றழுத்த விளக்கு மஞ்சளாக எரிகிறது

குதிரை லாடம் போன்ற வடிவத்துக்குள் ஆச்சரியக்குறி. எல்லாக் காரிலும் இல்லை. எரிந்தால் நிறுத்தி நான்கையும் அளந்து, குறைந்ததற்கு அடியுங்கள். நான்கும் ஒரே அளவில் கொஞ்சம் இறங்கியிருந்தால் குளிர் காலையின் விளைவு. ஒன்று மட்டும் என்றால் மேலே கசிவுப் பகுதிக்குப் போங்கள். நான்கும் சரி, விளக்கு மட்டும் மினுங்கி மினுங்கிப் பிறகு நின்று எரிகிறது என்றால் சென்சரில் பழுது, அதைக் கராஜில் கணினி மாட்டித்தான் பார்க்க வேண்டும்.